பலாச்சுளை போக மிச்சம்

பலாக் காலம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள மரத்தைப் பார்க்கத் தேவையில்லை. லயத்துக்குப் பின்னால் உள்ள கானோரத்தைப் பார்த்தால் போதும். முள்தோல், சடை, நடுத்தண்டு எல்லாம் குவிந்து கிடக்கும். ஈ மொய்க்கும். ஒரு மழை பெய்தால் வாடை கிளம்பும். அந்தக் குவியலைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். பலாக்கொட்டைகளும் அதற்குள்ளேயே கிடக்கும்.

மாத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தபோது, ஒரு வீட்டு இஸ்தோப்பில் பழம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் நாலு சுளை கொடுத்தார்கள். நல்ல வரக்காப் பழம். தின்றுவிட்டுக் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டே, "இந்தக் கொட்டைய என்ன செய்வீங்க தங்கச்சி?" என்று கேட்டேன்.

"அத யாரு சேர் திங்கிறது? 2022ல மாவு இல்லாத நேரத்துல தின்னோம். இன்னமும் அதையே அவிச்சா பக்கத்துக் காம்பராவுல என்ன நெனப்பாங்க?"

உள்ளேயிருந்து அவருடைய அப்பாயியின் குரல் வந்தது. "இவளுக்கு என்னா தெரியும்? எங்க காலத்துல பிலாக்கொட்டைய மணல்ல பொதச்சு வச்சு, அடமழைக்குத்தான் எடுத்து அவிப்போம். அந்த ருசி இப்ப எங்க இருக்கு!"

பிறகு பிள்ளைக்காம்பராவில் அந்தத் தங்கச்சியின் மூத்த பிள்ளையின் நிறை அட்டையைப் பார்த்தேன். கோடு மேலே ஏறாமல் படுத்துக் கிடந்தது. காலையில் ரொட்டியும் வெறும் தேத்தண்ணியும்தான் அந்தப் பிள்ளைக்குப் பழக்கம் என்றார்கள். அந்தப் பிள்ளை தின்றிருக்க வேண்டிய சாப்பாட்டில் கொஞ்சம் கானோரத்தில் கிடந்தது. அதனால்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

2016ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எடுத்த குடிசன சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் 5 வயதுக்குக் குறைந்த 100 பிள்ளைகளில் 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப் பகுதியில் மட்டும் பார்த்தால் 100க்கு 32 பேர். ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதற்குச் சம்பளம், வீடு, தண்ணீர், தாயின் உடல்நிலை என்று பல காரணங்கள் உண்டு. பலாக்கொட்டை அத்தனையையும் தீர்த்துவிடும் என்று சொல்ல நான் வரவில்லை. கையில் இருப்பதை வீசவேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

அத்தியும் பலாவும் உறவு

பலா, ஈரப்பலா, அத்தி, ஆல், அரசு, முசுக்கொட்டை எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். கீறினால் பால் வடிவது இந்தக் குடும்பத்தின் அடையாளம். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஒரு பலாப்பழம் ஒரு பூவில் உண்டானதல்ல. நூற்றுக்கணக்கான பூக்கள் ஒரே தண்டைச் சுற்றி நெருங்கி நின்று, ஒன்றாகப் பருத்துப் பழமாகின்றன. ஒவ்வொரு சுளையும் காய்பிடித்த ஒரு பூ. காய்பிடிக்காமல் போன பூக்கள்தான் சுளைகளுக்கு நடுவே நார் நாராக இருக்கும் சடை. அத்திப்பழமும் இப்படிப் பல பூக்கள் சேர்ந்ததுதான். அதிலே பூக்கள் பழத்துக்கு உள்ளே மறைந்திருக்கும், அவ்வளவுதான்.

காய்ந்த அத்திப்பழத்துக்குத் துருக்கி நாடு பேர் போனது. பார்வைக்கு அழகான பழம் பெட்டியில் ஏறும். உடைந்தது, சிறுத்தது, கோணலானதை வீசமாட்டார்கள். அரைத்துக் களியாக்கினால் அது பிஸ்கட்டுக்கு உள்ளே வைக்கும் இனிப்பாகிவிடும். அத்தி விதையிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். ஒஸ்திரியா நாட்டில் அத்திப்பழத்தை வறுத்துப் பொடித்துக் கோப்பித்தூளோடு கலந்து குடிப்பது பழைய வழக்கம். மரத்தில் வடிகிற பாலைக்கூட விட்டுவைக்கவில்லை. அந்தப் பாலில் உள்ள ஒரு பொருள் பசுப்பாலைத் திரைய வைக்கும். அதைக் கொண்டு பாற்கட்டி செய்யும் முறை ஐரோப்பாவில் மிகப் பழைய காலத்திலேயே இருந்தது.

இனி நம்முடைய பலாவுக்கு வருவோம். ஒரு பழத்தை முழுசாக நிறுத்துப் பாருங்கள். வெட்டி, சுளையை மட்டும் எடுத்து மறுபடியும் நிறுத்துப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு தேறினாலே பெரிய காரியம். மிச்சம் எல்லாம் கானுக்குப் போகிறது.

கொட்டை

ஒரு பழத்தில் 100 கொட்டை இருப்பது சாதாரணம். பெரிய பழமானால் 300, 400 கூட இருக்கும். பச்சைக் கொட்டை 100 கிராமில் 6 முதல் 7 கிராம் வரை புரதம் இருக்கிறது. அதே நிறையுள்ள சோற்றில் 2, 3 கிராம்தான். மாப்பொருள் நிறைய உண்டு, கொழுப்பு மிகக் குறைவு. அதனால்தான் நம் பெரியவர்கள் தேங்காய்ப்பால் விட்டோ தேங்காய்ப்பூ சேர்த்தோ சமைத்தார்கள். வளரும் பிள்ளைக்கு அந்தக் கொழுப்பும் வேண்டும். கொட்டையின் மாப்பொருளில் ஒரு பகுதி சீக்கிரம் செரிக்காமல் பெருங்குடல்வரை போகும். அங்கே நார்ப்பொருள் செய்கிற வேலையை இதுவும் செய்யும். மலச்சிக்கலால் கஷ்டப்படுகிறவர்களுக்கு இது நல்லது.

கொட்டையைச் சுளையிலிருந்து எடுத்த அன்றே கழுவிவிட வேண்டும். வழுவழுப்போடு கூடையில் போட்டு வைத்தால் மூன்று நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். கழுவி நிழலில் ஒரு நாள் பரப்பி வைத்தால் மேலே உள்ள வெள்ளைத் தோல் காய்ந்து, நகத்தால் கிள்ளினாலே உரிந்து வரும். உள்ளே இருக்கும் பழுப்புத் தோலைச் சுரண்டித்தான் ஆகவேண்டும் என்றில்லை. அதில் நார்ப்பொருள் இருக்கிறது. கறிக்குப் பார்வையாக இருக்க வேண்டுமென்றால் மட்டும் சுரண்டிக்கொள்ளலாம்.

பச்சையாகத் தின்னக்கூடாது. பச்சைக் கொட்டையில் புரதத்தைச் செரிக்கவிடாமல் தடுக்கும் ஒரு பொருள் இருக்கிறது. நன்றாக அவித்தால் அல்லது வறுத்தால் அது கெட்டுவிடும். உப்புப் போட்டு அரை மணித்தியாலம் அவியுங்கள். விரலால் அழுத்தினால் மாவாக உடைய வேண்டும். "வாயுவாச்சே" என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. உண்மைதான், சிலருக்கு வயிறு ஊதும். அவித்த தண்ணீரை ஊற்றிவிட்டு, கறியில் இஞ்சி, உள்ளி, பெருஞ்சீரகம் கூடச் சேர்த்து, முதலில் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பழகினால் சரியாகிவிடும். ஒரே நாளில் ஒரு தாச்சி நிறையத் தின்றுவிட்டுக் கொட்டையைக் குறை சொல்லக்கூடாது!

கறிக்கு நான் கண்ட நல்ல வழி, சிங்கள ஊர்களில் செய்யும் கருக்கிய தேங்காய்க் கறி. தேங்காய்ப்பூவையும் கொஞ்சம் அரிசியையும் வெறும் தாச்சியில் கரும்பழுப்பாக வறுத்து அம்மியில் அரைத்து, அவித்த கொட்டையோடு மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, ரம்பை, கறிவேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்து, கெட்டிப் பால் விட்டு இறக்குவார்கள். ஒரு துண்டுக் கருவாடும் சேர்ந்தால், சோறு ஒரு கோப்பை கூடவே போகும்.

பிள்ளைகளுக்கு அவர்களின் 'அக்கலா' உருண்டை பொருத்தம். கொட்டையை வறுத்து, தோலை நீக்கி இடித்து, தேங்காய்ப்பூவும் கொஞ்சம் கருப்பட்டியும் ஒரு சிட்டிகை உப்பும் மிளகும் சேர்த்து உருட்டுவது. மலைக்குப் போகிற நேரத்தில் பிள்ளையின் கையில் இரண்டு கொடுத்துவிட்டுப் போகலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முழுக் கொட்டை கொடுக்கவே வேண்டாம். தொண்டையில் சிக்கினால் உயிருக்கு ஆபத்து. அவித்து மசித்துத்தான் கொடுக்க வேண்டும்.

மாவாகவும் எடுத்து வைக்கலாம். அவித்த கொட்டையை மெல்லியதாக அரிந்து, படங்கில் பரப்பி, கையால் ஒடித்தால் 'டக்'கென்று உடையும்வரை நல்ல வெயிலில் காயவிடுங்கள். பிறகு லேசாக வறுத்து மில்லில் கொடுத்து அரைக்கலாம். இந்த மாவை மட்டும் வைத்து ரொட்டி தட்டினால் உதிர்ந்துபோகும், ஏனென்றால் கோதுமையில் இருக்கும் பசை இதில் இல்லை. மூன்று சுண்டு கோதுமை மாவுக்கு ஒரு சுண்டு கொட்டை மாவு என்று கலந்தால் ரொட்டி நன்றாக வரும். நாலு சுண்டு கடை மாவு எடுக்கிற இடத்தில் மூன்று போதும். காசும் மிச்சம், பிள்ளைக்குச் சத்தும் கூட.

அந்த அப்பாயி சொன்ன மணல் விஷயம் வீண்பேச்சு அல்ல. கழுவி ஈரம் போக உலர்த்திய கொட்டையை, நன்றாகக் காய்ந்த மணலில் அடுக்கடுக்காகப் புதைத்து, மழைத்தண்ணி படாத மூலையில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். வைத்த கொட்டை இனிப்பும் கூடிவிடும் என்பார்கள். எடுக்கும்போது மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுக்க வேண்டும். கறுப்போ பச்சையோ பூஞ்சணம் பிடித்திருந்தால் "கழுவினாப் போயிடும்" என்று நினைக்கக்கூடாது. சில பூஞ்சணங்கள் விடும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், அவித்தாலும் போகாது. துருக்கியில் அத்திப்பழத்தைப் பெட்டியில் போடுமுன் இருட்டறையில் ஊதாக்கடந்த ஒளி விளக்குக்குக் கீழே ஓடவிட்டு, பச்சை மஞ்சளாக மினுங்குகிறதைப் பொறுக்கி எடுப்பது இந்த நஞ்சுக்குப் பயந்துதான். நமக்கு அந்த விளக்கு இல்லை. கண்ணும் மூக்கும்தான் இருக்கிறது.

இதையெல்லாம் ஏழைச் சாப்பாடு என்று நாம் வெட்கப்படுகிறோம். ஆனால் வெளியே என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிஞ்சுப் பலாக்காயை, அதாவது பொலஸை, உப்புத் தண்ணீரில் டின்னில் அடைத்து இலங்கையிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். இறைச்சி தின்னாத வெள்ளைக்காரர்கள் இறைச்சிக்குப் பதிலாக அதைச் சமைக்கிறார்கள். பக்கத்துக் கேரளம் 2018இல் பலாவைத் தன் மாநிலப் பழமாக அறிவித்தது. பிறேசில் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பலாக்கொட்டையைப் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்துப் பார்த்தபோது சொக்கலேட் வாசனை வருவதைக் கண்டு 2017இல் அதை வெளியிட்டார்கள். கொக்கோவின் விலை ஏறும்போதெல்லாம் கம்பனிக்காரர்கள் இப்படிப்பட்ட சங்கதிகளுக்குக் காது கொடுப்பார்கள். விற்கிறவனுக்கு வெட்கமில்லை, வாங்குகிறவனுக்கும் வெட்கமில்லை. காய்க்கிற மரத்தடியில் இருக்கிற நமக்கு மட்டும் ஏன்?

சடையும் தோலும்

சடையைத் தின்னலாம் என்பது பலருக்குத் தெரியாது. முற்றிய காயின் சடையைப் பொடியாக அரிந்து, மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, தேங்காய்ப்பூ, பச்சைமிளகாய், கடுகு தாளித்து இறக்கினால் கோவாச் சுண்டல் மாதிரி இருக்கும். கேரளத்தில் இது வீட்டுச் சமையல். நல்ல பழத்தின் சடையில் இனிப்பும் இருக்கும், பிள்ளைகள் அப்படியே சப்புவார்கள். வெலாப் பழத்தின் சடை குழைந்துவிடும், அது கறிக்கு ஆகாது.

தோலிலும் சடையிலும் நடுத்தண்டிலும் பெக்டின் என்ற பொருள் உண்டு. ஜாமைக் கட்டியாக நிற்க வைப்பது அதுதான். ஜாம் கம்பனிகள் இதைப் பெரும்பாலும் தோடம்பழத் தோலிலிருந்தும் அப்பிள் சக்கையிலிருந்தும் எடுக்கின்றன, அவையும் ஒருவர் வீசியதுதான். வீட்டில் செய்து பார்க்க ஆசையிருந்தால் இப்படிச் செய்யலாம். முள்ளைச் சீவி எடுத்துவிட்டு, தோலின் உள்பக்கத்தையும் சடையையும் துண்டு துண்டாக நறுக்கி, பால் போகக் கழுவி, மூழ்கும் அளவு தண்ணீரில் ஒரு மணித்தியாலம் கொதிக்க வையுங்கள். துணியில் வடிகட்டுங்கள், பிழிய வேண்டாம், பிழிந்தால் கலங்கும். வடித்த தண்ணீர் ஒரு சுண்டுக்கு முக்கால் சுண்டு சீனியும் ஒரு தேசிக்காயின் சாறும் விட்டுக் காய்ச்சி, அகப்பையிலிருந்து சொட்டாமல் தகடாக விழும்போது இறக்கினால் ஜெலி. வாசனையாக இருக்கும். ஆனால் சீனி நிறைந்த பண்டம், சத்துச் சாப்பாடு என்று பிள்ளைக்குத் தினமும் கொடுக்காதீர்கள். கோயில் திருவிழாவுக்குப் போத்தலில் அடைத்து விற்றுப் பார்க்கலாம்.

மிஞ்சுகிற தோலை மாடு தின்னும். இலை என்றால் ஆட்டுக்கு உயிர். யாருடைய வீட்டிலும் மாடு ஆடு இல்லையென்றால் கானில் போடாமல் மரக்கறிப் பாத்தி ஓரத்தில் குழி வெட்டிப் புதையுங்கள், பசளையாகும். கான் அடைத்தால் நுளம்பு. நுளம்பு வந்தால் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை.

சீனி வருத்தக்காரர் கேட்டது

அதே தோட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: "சேர், சீனி வருத்தக்காரன் பிலாக்கா திங்கலாமா?"

பழமும் காயும் வேறு வேறு என்றுதான் முதலில் சொல்ல வேண்டும். பழுத்த சுளையில் சீனி நிறைய. இரண்டு சுளையோடு நிறுத்துகிறவர் யார்? காயில் சீனி குறைவு, நார்ப்பொருள் கூட. இந்தியாவில் ஆந்திர மாநிலம் ஸ்ரீகாகுளத்தில் சீனி வருத்தமுள்ள 40 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது, 2021இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 30 கிராம் பச்சைப் பலாக்காய் மாவை, சோறு அல்லது கோதுமையில் அதே அளவைக் குறைத்துவிட்டு, 12 வாரம் கொடுத்தார்கள். மற்றப் பகுதியினருக்கு வேறு மாவு. பலாக்காய் மாவு தின்றவர்களுக்கு இரத்தச் சீனி கூடுதலாகக் குறைந்திருந்தது. நாற்பது பேர் என்பது சின்னக் கூட்டம்தான், ஆனாலும் கவனிக்க வேண்டிய செய்தி.

இதிலே முக்கியம், சோற்றைக் குறைத்துவிட்டுத்தான் அதைக் கொடுத்தார்கள். நாம் என்ன செய்கிறோம்? கோப்பை நிறையச் சோறு, அதன்மேல் பலாக்காய்க் கறி, பக்கத்தில் பருப்பு, உருளைக்கிழங்கு. அப்படிச் சாப்பிட்டால் சீனி ஏறத்தான் செய்யும். கொட்டையும் அப்படித்தான், அது மாப்பொருள். கொட்டை வைத்த நேரம் சோற்றில் ஒரு அகப்பை குறைய வேண்டும். மருந்தை யாரும் தானாக நிறுத்த வேண்டாம். சோற்றைக் குறைத்துவிட்டு மாத்திரையை வழக்கம்போலப் போட்டால் சிலருக்குச் சீனி அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரும். கிளினிக்கில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் பழம், கொட்டை இரண்டிலும் கவனமாக இருக்க வேண்டும். இரண்டிலும் பொற்றாசியம் உண்டு, கெட்டுப்போன சிறுநீரகத்தால் அதை வெளியே தள்ள முடியாது. "பிலாக்கொட்ட தின்னா ரத்தம் ஊறும்" என்று கர்ப்பிணித் தாய்மாரிடம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் இரும்புச்சத்து கொஞ்சம்தான். இரத்தத்துக்கு நெத்தலி, முட்டை, கீரை, கிளினிக்கில் தரும் மாத்திரை. அதோடு, சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கத்தை விட வேண்டும். தேயிலைச் சாயம் இரும்பு உடம்பில் சேருவதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். தேயிலையைப் பறிக்கிற நமக்கு இதைச் சொல்ல ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

மரம்

1918ஆம் ஆண்டளவில் பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வி. டயஸ் என்பவர், பஞ்சம் வந்தால் மக்கள் பட்டினி கிடக்கக்கூடாது என்று ஊர் ஊராகப் பலாக்கன்று நடும் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். பத்து லட்சம் மரம் என்பது அவருடைய எண்ணம். சிங்கள மக்கள் அவரைக் 'கொஸ் மாமா' என்று இன்றைக்கும் சொல்வார்கள். பிறகு 1951இல் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. சொந்த வளவில் நிற்கும் பலாவைத் தறிக்கவும் அனுமதி வேண்டும்.

நுவரெலியா போன்ற உச்சிக் குளிர்த் தோட்டங்களில் பலா சரியாகக் காய்க்காது. மாத்தளை, கண்டி, கேகாலை, இரத்தினபுரி, காலி பக்கத் தோட்டங்களிலும் பதுளையின் தாழ்ந்த பகுதிகளிலும் நன்றாக வரும். மேலே இருக்கிறவர்கள், கீழே உள்ள சொந்தக்காரர் பழம் கொண்டுவந்தால் கொட்டையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கன்று வைக்க விரும்புகிறவர்கள் கொட்டையை நாள்கணக்கில் வெயிலில் காயவிடக்கூடாது. காய்ந்துவிட்டால் முளைக்காது. கழுவிய இரண்டொரு நாளில், பழைய பால்மா டின்னில் அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் மக்கிய பசளையும் நிரப்பி ஊன்றுங்கள். ஆணிவேர் வேகமாக இறங்கும், ஆகையால் கன்று ஒரு சாண் வளர்ந்ததும் வேர் அறாமல் டின்னை வெட்டி எடுத்து நட்டுவிட வேண்டும். கூரைக்கும் கானுக்கும் நன்றாகத் தள்ளி நடுங்கள், பெரிய மரமாகும். எங்கே நடலாம், காய்த்தால் யார் பறிக்கலாம் என்பதைத் தோட்ட நிர்வாகத்திடம் முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. சில இடங்களில் மரம் காய்த்த பிறகுதான் அந்தப் பேச்சு வருகிறது.